நம்ம தெருவுல வண்டி எவ்வளவு வேகமா போகலாம்னு முடிவு பண்றது யாரு? (நீண்ட த்ரெட்)

1960 செப்டம்பர் 19. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல டிராஃபிக் வார்டன்கள் வேலைக்கு வந்த முதல் நாள். இவங்க போலீஸ் இல்ல. நிறுத்தக்கூடாத இடத்துல நிக்கிற வண்டிக்குச் சீட்டு எழுதுறதுக்குன்னே போட்ட ஆட்கள். அன்னிக்கு எழுதின முதல் சீட்டு யாருக்குப் போச்சு தெரியுமா?

ஒரு டாக்டருக்கு. ஹோட்டல்ல ஒருத்தருக்கு ஹார்ட் அட்டாக்னு கூப்பிட்டிருக்காங்க. மனுஷன் காரை வாசல்லயே விட்டுட்டு உள்ள ஓடியிருக்கார். நோயாளியைப் பார்த்துட்டு வெளிய வந்தா காருல 2 பவுண்ட் அபராதச் சீட்டு. ஊரே கொதிச்சது. கடைசியில அபராதத்தைத் தள்ளுபடி பண்ணாங்க.

இதைப் படிச்சப்ப முதல்ல எனக்கு அந்த டாக்டர் மேலதான் பாவம் வந்துச்சு. இனம் இனத்தோட சேரும் இல்லையா. கொஞ்ச நேரம் கழிச்சு என் சொந்த பைக் ஞாபகம் வந்துச்சு. எங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவுல, டீக்கடை ஓரமா, ரெண்டு வருஷமா நான் நிறுத்துற அதே இடம். அந்தத் தெருவைப் பத்தித்தான் இந்த த்ரெட். ஆனா போற வழியில இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரியா எல்லாம் சுத்திட்டு வருவோம். பொறுமையாப் படிங்க.

ஏன் இதைத் தோண்டினேன்னு முதல்ல சொல்லிடறேன். சில மாசம் முன்னாடி எனக்கு கேஷுவாலிட்டி டியூட்டி. சாயங்காலம் 5 மணி இருக்கும். ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. மூணாவது படிக்கிறவன். நின்னுட்டு இருந்த லோடு வண்டிக்கும் ஒரு காருக்கும் நடுவுல இருந்து ரோட்டுக்கு வந்திருக்கான், கார் அடிச்சிருக்கு. தொடை எலும்பு முறிவு, வயித்துல அடி, தலையில அடி. எங்க பாடப் புத்தகத்துல இந்த மூணு காயமும் சேர்ந்து வர்றதுக்கே 'வாடெல்ஸ் ட்ரையட்'னு ஒரு பேர் இருக்கு. கார் அடிச்ச குழந்தைங்க கிட்டதான் இந்தக் கூட்டணியைப் பார்ப்போம். பம்பர் தொடையில, பானெட் உடம்புல, அப்புறம் தூக்கி எறிஞ்சு தலை தரையில.

மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணோம். ரெண்டாவது நாள் போயிட்டான்னு 108 பைலட் வந்து சொன்னார்.

கார் ஓட்டினவரும் அன்னிக்கு கேஷுவாலிட்டி வாசல்லயே உட்கார்ந்திருந்தார். ஓடிப் போகல. குடிக்கல. லைசென்ஸ் இருக்கு. நான் ஏஆர் எழுதிட்டு இருந்தப்ப திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "நான் வேகமா வரல சார், அம்பதுல தான் வந்தேன்." பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல.

அந்தத் தெருவுல ஸ்கூல் இருக்கு, ரேஷன் கடை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. அகலம் ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் ஒட்டி ஒட்டிப் போற அளவுதான். அங்க 50 சரியா தப்பா? நான் போய்ப் பார்த்தேன். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு வேக வரம்பு போர்டு கிடையாது. சரி, அதை வெக்க வேண்டியது யாரு? நகராட்சியா, போலீஸா, கலெக்டரா, டெல்லியா? எனக்குத் தெரியல. கேட்டவங்களுக்கும் தெரியல. அங்க இருந்துதான் இந்தப் படிப்பு ஆரம்பிச்சது.

கதை இங்கிலாந்துல தொடங்குது. நம்ம மோட்டார் சட்டத்தோட பாட்டன் வீடு அதுதான்.

1865ல அங்க ஒரு சட்டம் போட்டாங்க. நீராவியில ஓடுற வண்டிகள் ஊருக்கு வெளிய மணிக்கு 4 மைல், ஊருக்குள்ள 2 மைல்தான் போகலாம். வண்டிக்கு மூணு ஆள் வேணும். அதுல ஒருத்தர் 60 கஜம் முன்னாடி சிவப்புக் கொடியைப் பிடிச்சுட்டு நடந்து போகணும். 2 மைல்னா நம்ம கணக்குல சுமார் 3 கிலோமீட்டர். நடந்து போறவன் வண்டியை முந்திடுவான். இன்னிக்கு இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா இந்தச் சட்டம் ஒரு கேள்விக்குத் தெளிவா பதில் வெச்சிருந்தது: தெரு யாரோடது? நடக்கிறவனோடது, குதிரையோடது. வண்டி வேணும்னா ஓரமா, பயந்து பயந்து வரட்டும்.

1896 ஜனவரில கென்ட் மாவட்டத்துல பேடாக் வுட்ங்கிற ஊர் வழியா வால்டர் அர்னால்டுனு ஒருத்தர் காரை ஓட்டிட்டுப் போனார். 2 மைல் வரம்புல 8 மைல் வேகம். அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். ஊர்க் கான்ஸ்டபிள் சைக்கிளை எடுத்துட்டு 5 மைல் துரத்திப் பிடிச்சார். வேகத்துக்காக அபராதம் 1 ஷில்லிங். உலகத்துலயே அதிவேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் கார்க்காரர்னு இவரைத்தான் சொல்வாங்க. சைக்கிள்ல துரத்திப் பிடிச்ச அதிவேகம்!

அதே வருஷம் ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துல பிரிட்ஜெட் ட்ரிஸ்கால்ங்கிற 44 வயசுப் பெண் மகளோட நடந்து போறாங்க. அங்க வேடிக்கைக்காக ஓட்டிக் காட்டிட்டு இருந்த ஒரு கார் அவங்களை அடிச்சது. தலையில காயம், இறந்துட்டாங்க. பிரிட்டன்ல பெட்ரோல் கார் அடிச்சு இறந்த முதல் பாதசாரி இவங்கதான். விசாரணையில அந்தக் கார் மணிக்கு 4 மைல்தான் போச்சுன்னாங்க. 'விபத்து மரணம்'னு தீர்ப்பு. அம்பதுல தான் வந்தேன்னு சொன்னவரோட பரம்பரை அங்கேயே ஆரம்பிச்சிருக்கு.

இதுக்கப்புறம் சட்டம் இறுகியிருக்கும்னுதானே நினைப்பீங்க? மூணு மாசத்துல, நவம்பர் 14 அன்னிக்கு, வரம்பை ஏத்தினாங்க. சட்டம் 14 மைல்னு சொன்னது, மத்தியில இருந்த உள்ளாட்சி வாரியம் அதை 12ஆ குறைச்சது. கார் வெச்சிருந்தவங்க லண்டன்ல இருந்து பிரைட்டன் வரைக்கும் விடுதலை ஊர்வலம் போய்க் கொண்டாடினாங்க.

1903 சட்டம்தான் நம்ம கதைக்கு முக்கியம். அதுல நாடு முழுக்க 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். கூடவே ஒரு கதவையும் திறந்து வெச்சாங்க. எந்த ஊராட்சியாவது 'எங்க ஊருக்குள்ள 20 ஜாஸ்திங்க, குறைச்சுக் கொடுங்க'ன்னு உள்ளாட்சி வாரியத்துக்கு மனு போடலாம். வாரியம் சரின்னு சொன்னா அந்தப் பகுதிக்கு மட்டும் 10 மைல். போர்டு நடுற வேலை ஊரோடது.

கவனிச்சீங்களா? வேகமா போறது சாதாரண நிலை. மெதுவா போகணும்னா ஊர் மனு போடணும், காரணம் சொல்லணும், காத்திருக்கணும். நூத்தி இருபது வருஷம் ஆச்சு, பல நாடுகள்ல இன்னும் இதே வரிசைதான்.

வரம்பு வந்துடுச்சு, பிடிக்கிறது எப்படி? ரோட்டுல தூரத்தை அளந்து வெச்சுட்டு, வேலிப் புதருக்குள்ள போலீஸ் ஸ்டாப் வாட்சோட ஒளிஞ்சுப்பாங்க. கார்க்காரங்களுக்குப் பயங்கரக் கோபம். 1905ல அவங்க சேர்ந்து ஆட்டோமொபைல் அசோசியேஷன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ரோட்டுல வண்டி நின்னுட்டா உதவிக்கு வர்ற பெரிய நிறுவனம் அது. அன்னிக்கு அதோட முதல் வேலை என்ன தெரியுமா? சைக்கிள்ல ஆள் அனுப்பி, 'முன்னாடி போலீஸ் ஒளிஞ்சிருக்கு, மெதுவா போங்க'ன்னு எச்சரிக்கிறது. நம்ம ஊர்ல எதிர்ல வர்றவர் லைட்டை அடிச்சுக் காட்டுவாரே, அதைச் சங்கம் வெச்சு, யூனிஃபார்ம் போட்டுச் செஞ்சிருக்காங்க.

கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. இது போலீஸ் வேலையைத் தடுக்கிறதுன்னு 1910 வாக்குல தீர்ப்பு வந்துச்சு. உடனே அவங்க மாத்தி யோசிச்சாங்க. சங்கத்து பேட்ஜ் மாட்டின காரைப் பார்த்தா அவங்க ஆள் சல்யூட் அடிப்பான். சல்யூட் அடிக்கலன்னா காரை நிறுத்தி ஏன் அடிக்கலன்னு கேளுங்க. சல்யூட் அடிக்காததுக்கு யாரையும் ஜெயில்ல போட முடியாதே! சட்டத்துல ஓட்டை கண்டுபிடிக்கிற மூளைக்கு நாடு, இனம் பேதம் கிடையாது.

சிரிப்பா இருந்தாலும் இதுக்கு ஒரு விளைவு இருந்தது. கார் வெச்சிருந்தவங்க எண்ணிக்கை குறைவு, ஆனா செல்வாக்கு ஜாஸ்தி. எம்பி, நீதிபதி, டாக்டர் எல்லாரும் அதுல அடக்கம். வரம்பை யாருமே மதிக்கல. யாரும் மதிக்காத சட்டத்தை வெச்சிருந்தா மத்த சட்டத்துக்கும் மரியாதை போயிடும், எடுத்துடலாம்னு ஒரு வாதம் வலுத்தது. 1930ல புதுச் சட்டம் வந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கின நல்ல சட்டம். அதே சட்டம் கார்களுக்கான வேக வரம்பை மொத்தமா தூக்கிடுச்சு. ஊருக்கு வெளிய மட்டும் இல்ல, ஊருக்குள்ளயும். ஓட்டுநர் தேர்வு அப்ப கிடையவே கிடையாது. காசு கொடுத்தா லைசென்ஸ்.

1934ல பிரிட்டன்ல ரோட்டுல செத்தவங்க 7,343 பேர். காயம்பட்டவங்க 2,31,603 பேர். அப்ப அந்த நாட்டுல மொத்த மோட்டார் வண்டிகளே சுமார் 24 லட்சம்தான். இறந்தவங்கள்ல பாதிப் பேர் பாதசாரிகள். இதைவிடப் பல மடங்கு வண்டிகள் ஓடுற இன்னிக்கு அங்க வருஷத்துக்கு 2,000 பேர் கூட சாகுறதில்ல.

அந்த வருஷம் ஏப்ரல்ல பார்லிமெண்ட்ல விவாதம் நடந்துச்சு. மூர்-பிரபசோன்னு ஒரு எம்பி. பிரிட்டன்ல விமானம் ஓட்ட முதல் லைசென்ஸ் வாங்கினவர், பின்னாடி போக்குவரத்து அமைச்சராவும் ஆனவர். அவர் பேசினதோட சாரம் இது: ஆரம்ப காலத்துல நாங்க காரை எடுத்துட்டு வெளிய போய் வந்தா ரேடியேட்டர்ல கோழி இறகா ஒட்டியிருக்கும். நாயும் அப்படித்தான் அடிபடும். இப்பப் பாருங்க, நாய்ங்க விலகிப் போகக் கத்துக்கிச்சு. மிருகங்களுக்கே பாடம் ஏறுது, ஜனங்களும் பழகிடுவாங்க, தானா சரியாயிடும். வருஷத்துக்கு 6,000 பேர் தற்கொலை பண்ணிக்கிறாங்களே, அதுக்கு யாரும் கூச்சல் போடலையேன்னும் கேட்டார்.

இதைப் படிச்சுட்டு நான் போனைக் கீழ வெச்சுட்டேன். 'பெத்தவங்க குழந்தையைப் பார்த்துக்க வேணாமா சார்'னு அன்னிக்கு கேஷுவாலிட்டி வாசல்ல ஒருத்தர் கேட்டார். கெட்டவர் இல்ல, நல்ல மனுஷன்தான். அந்த எம்பி சொன்னதும் இவர் சொன்னதும் ஒண்ணுதான்.

1934 ஜூன்ல ஹோர்-பெலிஷா அமைச்சரா வந்தார். வந்த புதுசுலயே லண்டன் கேம்டன் ஹை ஸ்ட்ரீட்டைக் கடக்கும்போது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவரையே தூக்கப் பார்த்தது. மயிரிழையில தப்பினார். பாதசாரிகள் கடக்கிற இடத்துல கறுப்பு வெள்ளைக் கம்பத்து மேல ஆரஞ்சு உருண்டை வெச்சு அடையாளம் காட்டினது அவர் காலத்துலதான். இன்னிக்கும் அதுக்குப் பேர் பெலிஷா பீக்கன். 1935 மார்ச் 18ல ஊர்ப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் வரம்பு வந்தது, அதாவது 48 கிலோமீட்டர்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. 'ஊர்ப் பகுதி'ன்னா எது? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது? இதை எழுத ஆரம்பிச்சா வக்கீலுங்க ஆயுசு பூரா வாதாடுவாங்க. சட்டம் எழுதினவங்க ஒரு வேலை பண்ணாங்க. தெருவிளக்கை எண்ணச் சொன்னாங்க. 200 கஜத்துக்கு, அதாவது சுமார் 183 மீட்டருக்கு மேல இடைவெளி இல்லாம விளக்குக் கம்பம் இருந்தா அது ஊர்ப் பகுதி, அங்க 30. அவ்வளவுதான். தனியா மனு வேணாம், அரசிதழ் வேணாம். விளக்கு போட்டா மனுஷன் இருக்கான்னு அர்த்தம், மனுஷன் இருந்தா மெதுவா போ. விளக்கு இருந்தும் இந்த ரோட்டுக்கு 30 வேணாம்னு நினைச்சாலோ, விளக்கு இல்லாட்டியும் வேணும்னு நினைச்சாலோ உள்ளாட்சி தனியா ஆணை போடலாம், அமைச்சர் உறுதி பண்ணணும்.

1903ல மெதுவா போக ஊர் மனு போட்டது. 1935ல வேகமா போகத்தான் ஊர் ஆணை போடணும். சுமை தோள் மாறிடுச்சு. அந்த வருஷம் சாவு 6,502 ஆ குறைஞ்சது. அதே வருஷம் ஓட்டுநர் தேர்வும் கட்டாயமாச்சு, அதனால முழுப் பெருமையும் வேக வரம்புக்குன்னு சொல்ல மாட்டேன்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை, எங்க ஆளுங்களைப் பத்தி. 30 மைல் வந்து ரெண்டு மாசத்துல, மே 13ல, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ன்னு உலகம் கொண்டாடின டி.இ.லாரன்ஸ் கிராமத்து ரோட்டுல பைக்ல போறார். சைக்கிள்ல போன ரெண்டு பசங்களை இடிக்காம இருக்க ஒடிச்சார், தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இல்ல. ஆறு நாள் கழிச்சு இறந்துட்டார். அவரைப் பார்த்த டாக்டர்கள்ல ஹியூ கெய்ர்ன்ஸ்ங்கிற மூளை அறுவை சிகிச்சை நிபுணரும் ஒருத்தர். காப்பாத்த முடியாத அந்த கேஸை அவர் மறக்கல. 1941ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பைக் விபத்துத் தலைக்காயங்களைப் பத்திக் கட்டுரை எழுதினார். அவர் பார்த்ததுல ஹெல்மெட் போட்டிருந்தவங்க வெறும் ஏழு பேர், ஏழு பேருமே பிழைச்சவங்க. அதே வருஷம் ராணுவம் பைக் ஓட்டுற வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குச்சு. அங்க பொதுமக்களுக்குக் கட்டாயமாக 1973 வரைக்கும் ஆச்சு.

சரி, பார்க்கிங். அந்தப் பையன் ஏன் ரெண்டு வண்டிக்கு நடுவுல இருந்து வந்தான்? நிக்கிற வண்டி ஓடுற வண்டியைவிட ஆபத்து இல்லைன்னு நாம நினைக்கிறோம். நாலடி உயரப் பையனை மறைக்க ஒரு லோடு வண்டி போதும். ஓட்டுறவனுக்கும் பையன் தெரிய மாட்டான், பையனுக்கும் கார் தெரியாது.

பார்க்கிங் விதிகள் உயிரைக் காப்பாத்த வந்ததுன்னு நினைச்சா ஏமாந்து போவீங்க. வியாபாரத்துக்காக வந்தது. 1930கள்ல அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டி கடைவீதி. காலையில வந்து கடை வாசல்ல காரை நிறுத்தினா சாயங்காலம் வரை எடுக்க மாட்டாங்க. யாரு? கடைக்காரங்களும் கடையில வேலை செய்றவங்களும்தான். சாமான் வாங்க வர்றவனுக்கு இடம் இல்ல. கார்ல் மகீன்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் காசு போட்டா மணி காட்டுற மீட்டரை யோசிச்சார், ரெண்டு இன்ஜினியரிங் பேராசிரியர்கள் அதைச் செஞ்சு கொடுத்தாங்க. 1935 ஜூலை 16ல உலகத்தோட முதல் பார்க்கிங் மீட்டர் அங்க வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட்.

பொது ரோட்டுல நிக்கக் காசா, இது வரி இல்லையான்னு எதிர்ப்பு வந்தது. ஆனா மீட்டர் வந்த பக்கம் இடம் காலியாச்சு, வியாபாரம் நடந்துச்சு. எதிர்ப்பக்கத்துக் கடைக்காரங்க எங்களுக்கும் வைங்கன்னு கேட்டாங்க. லண்டன்ல முதல் மீட்டர் 1958 ஜூலை 10, க்ரோவனர் ஸ்கொயர்ல. அப்புறம் வார்டன்கள், அப்புறம் நம்ம டாக்டரோட சீட்டு.

அந்தச் சீட்டைப் பத்தி என் கருத்து மாறிடுச்சு. அந்த ஒரு டாக்டருக்குத் தள்ளுபடி பண்ணது நியாயம்தான். ஆனா அந்தத் தெருவுல கண்ட இடத்துல வண்டி நிக்கக் கூடாதுன்னு விதி இருந்தாதான் அடுத்த டாக்டரோ ஆம்புலன்ஸோ வாசல் வரைக்கும் வர முடியும். எங்க கேட்டுக்கு எதிர்ல ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்க முடியாம திணறுறதை மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை பார்க்கிறேன். அடைச்சுட்டு நிக்கிற வண்டிகள்ல ஸ்டாஃப் வண்டியும் உண்டு. என் பைக் உட்பட. இப்ப மாத்திட்டேன், ஆனா ரெண்டு வருஷம் நின்னது நின்னதுதான்.

இனி 30 கிலோமீட்டர் கதை. ஆஸ்திரியாவுல கிராட்ஸ்னு ஒரு ஊர். 1992 செப்டம்பர் 1ல ஊர் முழுக்க 30 கிலோமீட்டர்னு அறிவிச்சாங்க, முக்கிய சாலைகள்ல மட்டும் 50. ஐரோப்பாவுல ஊர் முழுக்க இப்படிப் பண்ணின முதல் நகரம். ரெண்டு வருஷச் சோதனைன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல ஊர்ல பாதிப் பேர் கூட ஆதரிக்கல. வாழ்ந்து பார்த்த பிறகு ஆதரவு ஏறிடுச்சு, இன்னும் இருக்கு.

ஏன் 30? இதுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன், பிளஸ் டூ பிசிக்ஸ்தான். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்கைத் தொட ஒரு செகண்ட்னு வெச்சுக்குங்க. 30ல போற கார் அந்த ஒரு செகண்ட்ல 8 மீட்டர் போகும், பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர்ல நின்னுடும். 50ல போற கார் அந்த ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிடும்.

மறுபடி படிங்க. 30ல வந்த கார் முழுசா நின்ன இடத்துல, 50ல வந்தவர் இன்னும் பிரேக்கையே தொடல. பையன் 13 மீட்டர் தூரத்துல வண்டிக்கு நடுவுல இருந்து வந்தான்னா, ஒரு கார் அவன் முன்னாடி நிக்குது, இன்னொரு கார் முழு அம்பதுலயே அடிக்குது. அவர் சொன்னது உண்மைதான், அம்பதுல தான் வந்திருக்கார்.

வேகம் ரெண்டு மடங்கானா மோதுற ஆற்றல் நாலு மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினா உயிர் போற விபத்து 4 சதவீதம் ஏறும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாங்க தியேட்டர்ல எவ்வளவு நல்லா தைச்சாலும் இந்தக் கணக்கு மாறாது.

2023 செப்டம்பர்ல வேல்ஸ் நாடு ஊர்ப் பகுதி வரம்பை 30 மைல்ல இருந்து 20ஆ, அதாவது 32 கிலோமீட்டரா குறைச்சது. எந்தெந்தத் தெருவுக்குத் தெரியுமா? அதே 200 கஜ விளக்குக் கம்பக் கணக்கு! எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. அந்த நாட்டோட மக்கள்தொகையே 31 லட்சம்தான். அப்புறம் சில ரோட்டுல உள்ளாட்சிகள் மறுபடி 30 ஆக்கினாங்க, பெரும்பாலான இடத்துல 20 நின்னுடுச்சு. காயங்கள் குறைஞ்சிருக்குன்னு அரசுக் கணக்கு சொல்லுது. எதிர்த்தவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. பஸ் லேட்டாகுது, பெரிய ரோட்டுலயும் 20ஆன்னு அவங்க கேட்டதுல நியாயமும் இருந்தது. அதைச் சரி பண்ண உள்ளாட்சிக்கு அதிகாரம் இருந்தது, பண்ணாங்க.

இப்ப நம்ம ஊர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112. அதிகபட்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கும். அதைவிடக் குறைக்கணும்னா மாநில அரசோ, மாநில அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ பொதுமக்கள் பாதுகாப்பு, ரோட்டோட தன்மைன்னு காரணம் காட்டி அரசிதழ்ல அறிவிச்சு, போர்டு வெச்சுக் குறைக்கலாம். ஒரு மாசத்துக்கு மேல போகாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் வேணாம். பார்க்கிங்குக்குப் பிரிவு 117. எங்க நிறுத்தலாம்னு மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ முடிவு பண்ணும், உள்ளாட்சியைக் கலந்து பேசி. தெரு நகராட்சியோடது, குப்பை நகராட்சியோடது, விளக்கு நகராட்சியோடது. அந்தத் தெருவுல ஓடுற வேகத்துக்கு மட்டும் இந்த ரெண்டு பிரிவுப்படி நகராட்சி கேக்குற இடத்துலயும் கலந்து பேசப்படுற இடத்துலயும்தான் நிக்குது.

2018 ஏப்ரல்ல மத்திய அரசு அறிவிச்சபடி நகராட்சி எல்லைக்குள்ள காருக்கு 70 கிலோமீட்டர், பைக்குக்கு 60. ஒரு பல் மருத்துவர் விபத்துல நிரந்தரமா முடங்கிப்போன வழக்குல, 2021ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. 2023 நவம்பர்ல சென்னைப் போலீஸ் குடியிருப்புத் தெருக்கள்ல எல்லா வண்டிக்கும் 30னு அறிவிச்சாங்க. சென்னைக்கு வெளிய, எங்களை மாதிரி தாலுகா ஊர்ல? யாராவது கேட்டாதான். 1903ல இங்கிலாந்து ஊர்கள் நின்ன அதே வரிசையில நாம நிக்கிறோம்.

2022ல மட்டும் தமிழ்நாட்டு ரோடுகள்ல 17,884 பேர் இறந்திருக்காங்க. இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்குது. அதுல பிழைச்சவங்களைத் தினமும் என் கண்ணால பார்க்கிறேன், அருமையான திட்டம். ஆனா அது அடிபட்ட பிறகு ஆரம்பிக்கிற 48 மணி நேரம்.

நான் மனு போட்டேன். ஸ்கூல்ல இருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் 30 கிலோமீட்டர், கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நோ பார்க்கிங். எங்க வார்டு கவுன்சிலர் அக்கா கையெழுத்துப் போட்டாங்க, ஸ்கூல் ஹெச்எம் போட்டார், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள்ல பாதிப் பேர் போட்டாங்க. டீக்கடைக்காரர் 'வியாபாரம் போயிடும் டாக்டர்'னு மொதல்ல மறுத்தார். ஓக்லஹோமா கதையைச் சொன்னேன். பாதி நம்பினார், போட்டார்.

மனு ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போய், அங்க இருந்து 'எங்கள் வரம்புக்குட்பட்டது அல்ல'ன்னு திரும்பி வந்துச்சு. பிரிவு 112ஐயும் 117ஐயும் மேற்கோள் காட்டி மறுபடி அனுப்பியிருக்கேன். இந்த தடவை தெருவிளக்குக் கம்பம் எத்தனை, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு அளந்து சேர்த்திருக்கேன். நானும் ஒரு 108 பைலட் தம்பியும் நைட் டியூட்டி முடிச்சு டேப்பைப் பிடிச்சுட்டு அளந்தோம். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல எங்கயும் 40 மீட்டர் தாண்டல.

பதில் வந்ததும் இதே த்ரெட்ல கீழ போடுறேன். உங்க ஊர்ல இப்படி யாராவது மனு போட்டு போர்டு வாங்கியிருந்தா, எந்த ஆபீஸ்ல கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ரொம்ப உதவியா இருக்கும்.